மெடிக்கல் போர்டுக்குப் போகச் சொல்கிறார்கள், மறுக்கலாமா?

கேள்வி: நான் தச்சுவேலை செய்கிறேன், வயது 34. கார் மோதியதில் வலது மணிக்கட்டு உடைந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். 40 சதவீத ஊனம் என்று வேறொரு டாக்டரிடம் சான்று வாங்கி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டேன். அதை ஏற்காமல், என்னை மெடிக்கல் போர்டுக்கு (ஊனத்தை மதிப்பிடும் டாக்டர்கள் குழு) அனுப்பும்படி இன்சூரன்ஸ் கம்பெனி வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறது. தங்கள் டாக்டரிடம் வரச்சொல்லி போனிலும் கூப்பிடுகிறார்கள். போகத்தான் வேண்டுமா?

பதில்: போன் அழைப்புக்கு நீங்கள் போக வேண்டியதில்லை, அதில் எந்த உத்தரவும் இல்லை. "எதுவானாலும் என் வக்கீலிடம் பேசுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். தீர்ப்பாயம் உத்தரவிட்டால் மட்டும் கட்டாயம் போங்கள். போகாவிட்டால், ஊனமே இல்லாததால்தான் தவிர்க்கிறார் என்று கம்பெனி வாதிடும்.

உண்மையில் உங்கள் பலவீனம் அந்த 40 சதவீதச் சான்றுதான். சிகிச்சை தராத டாக்டர்கள் தாராளமாக எழுதித் தரும் சான்றுகளை நம்பிவிடக் கூடாது என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இலேயே எச்சரித்திருக்கிறது. சான்று தந்தவர் கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்காவிட்டால் அது வெறும் காகிதம். எனவே ஆபரேஷன் செய்த டாக்டரைச் சாட்சியாக அழைக்க இப்போதே மனு போடச் சொல்லுங்கள்.

போர்டுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, காயச் சான்று, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே ஃபிலிம்கள், புதிதாக ஒரு எக்ஸ்ரே, அடையாள அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். பிளேட்டை எடுக்க வேண்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். கோணமானி வைத்து மணிக்கட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்ப்பார்கள். பிடிப்பின் வலுவை இடது கையோடு ஒப்பிடுவார்கள். நீங்களாக மடக்குவதையும் டாக்டர் பிடித்து மடக்குவதையும் சேர்த்துப் பார்ப்பதால் மிகைப்படுத்தினால் பிடிபட்டுவிடும். வலியை மறைக்கவும் வேண்டாம்.

அறிக்கையில் சதவீதம் கைக்கு மட்டுமா, முழு உடலுக்கா என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கைக்கு 40 என்றால் உடலுக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனாலும் கலங்க வேண்டாம். சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதைத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்யும், டாக்டர் அல்ல. கை போன தச்சருக்கும் மேசை வேலை பார்ப்பவருக்கும் இழப்பு ஒன்றல்ல என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

உதாரணத்துக்கு மாத வருமானம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் ஆண்டுக்கு 3,36,000. உங்கள் வயதுக்கான மல்டிபிளையர், அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண், 16. திறன் இழப்பு 15 சதவீதம் என்றால் 8,06,400 ரூபாய். 40 சதவீதம் என்றால் 21,50,400. ஆகவே உளி பிடிக்கவும் இழைப்புளி தள்ளவும் முடியாததை உங்கள் சாட்சியத்திலேயே விவரமாகப் பதிவு செய்யுங்கள். வேலை கொடுத்த மேஸ்திரி ஒருவரையும் சாட்சியாகப் போடுங்கள்.

போர்டு அறிக்கை தவறாகத் தோன்றினால், ஆட்சேபணையோடு அந்த டாக்டரை அழைத்துக் குறுக்கு விசாரணை செய்ய மனு போடலாம். வாதம் முடிவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும்.