அறுந்த விபிஎன் திரும்ப ஏறவில்லையா? டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்

கேள்வி: வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். உபுண்டு லினக்ஸ் மடிக்கணினியில், அலுவலகம் கொடுத்த ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) மூலம் ஓப்பன்விபிஎன் இணைப்பு, அதாவது அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன். வைஃபை சற்றுத் தடுமாறினாலும் விபிஎன் அறுந்துவிடுகிறது. பிறகு எந்த இணையதளமும் திறப்பதில்லை. கணினியை அணைத்துப் போட்டால்தான் சரியாகிறது. கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக லினக்ஸ் ஏற்றச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். வைஃபை தடுமாறினால் விபிஎன் அறுவது இயல்பு. மறுபடி ஏற முடியாததுதான் உங்கள் பிரச்சினை.

விபிஎன் ஏறியதும், பெயர்களை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வேலையை அந்த ஸ்கிரிப்ட் அலுவலக சர்வரிடம் ஒப்படைக்கிறது. அறுந்த பின்னும் அந்த ஏற்பாடு நீங்குவதில்லை. மறுபடி ஏற, விபிஎன் சர்வரின் முகவரியை டிஎன்எஸ்ஸிடம் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய இடமோ விபிஎன்னுக்கு அப்பால் இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

அடுத்த முறை அறுந்ததும் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) 1.1.1.1 என்ற இணைய எண்ணுக்கு பிங் கொடுங்கள்; பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. பதில் வந்து, ஏதேனும் ஓர் இணையதளப் பெயருக்கு மட்டும் வராவிட்டால் டிஎன்எஸ்தான் காரணம். எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று குறித்திருக்கும், இடிசி அடைவில் உள்ள ரிசால்வ்.கான்ஃப் (/etc/resolv.conf) கோப்பைத் திறந்து பாருங்கள். உபுண்டுவில் வழக்கமாக 127.0.0.53 இருக்கும். 10 என்று தொடங்கும் அலுவலக எண் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஸ்கிரிப்டை விட்டுவிட்டு, அலுவலகம் தந்த ஓவிபிஎன் கோப்பை (இணைப்பு விவரங்கள் உள்ள .ovpn கோப்பு) அமைப்புகளில் நெட்வொர்க் பகுதியிலுள்ள விபிஎன் வழியாக உள்ளே சேர்த்துவிடுங்கள். இணைப்பு அறுந்ததும் அலுவலக டிஎன்எஸ்ஸை, உபுண்டுவில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரே எடுத்துவிடும். விபிஎன்னை நீங்களே மறுபடி தட்ட வேண்டியிருக்கலாம், இணையம் நிற்காது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 8.8.8.8 என்ற கூகுளின் பொது டிஎன்எஸ் எண்ணை எழுதி, யாரும் மாற்றாதபடி பூட்டிவிடச் சொல்லும் காணொளிகள் ஏராளம். அப்படிப் பூட்டிய மடிக்கணினி ஒன்று என்னிடம் வந்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு கடையில் செய்து கொடுத்த 'தீர்வு' அது. விபிஎன் ஏறியது, அலுவலகத்தின் உள்தளம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அந்தப் பெயர்கள் வெளி டிஎன்எஸ்ஸுக்கு எப்படித் தெரியும்? "திருத்தாதீர்கள்" என்று கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கிறது. அதையும் படிப்பதில்லை.

ஓவிபிஎன் கோப்பில் விபிஎன் சர்வர் பெயருக்குப் பதில் எண்ணைப் போடலாமா என்றும் கேட்பார்கள். அந்த எண் மாறாது என்று உங்கள் ஐடி பிரிவு எழுத்தில் உறுதி தந்தால் மட்டும் போடுங்கள். வாய்மொழி போதாது. ஒரே பெயருக்குப் பின்னால் இரண்டு, மூன்று சர்வர்கள் இருந்தால் அப்போதும் வேண்டாம். நீங்கள் பிடித்த ஒன்று படுத்தால் மற்றவை இருந்தும் பயனில்லை.

ரிசால்வ்.கான்ஃப் ஒரே ஒரு சிறு கோப்பு. அதில் விபிஎன் ஸ்கிரிப்டும் எழுதுகிறது, நெட்வொர்க் மேனேஜரும் எழுதுகிறது, லினக்ஸின் அடிப்படைச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியும் எழுதுகிறது. இத்தனை ஆண்டுகளாகியும் இதை ஒழுங்குபடுத்தாமல் பயனரை அலைக்கழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நெட்வொர்க் மேனேஜருக்கு மாற்றிய பிறகும், அறுந்ததும் அந்தக் கோப்பில் 10 என்று தொடங்கும் எண் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த வரியை அப்படியே படம் பிடித்து ஐடி பிரிவுக்கு அனுப்புங்கள். கடைக்குப் போகாதீர்கள்.