அமைத்ததை மறந்துவிடும் கிராபிக்ஸ் கார்டைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: மேசைக் கணினிக்குப் புதிதாக ஓர் என்விடியா கார்டு வாங்கினேன். லினக்ஸில் அதன் டிரைவருடன் வந்த அமைப்புச் செயலியில் வண்ணச் செறிவைக் கூட்டினேன். படம் குறுக்கே கிழிபடுவதைத் தடுக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தேன். விசிறியின் வேகத்தையும் நானே நிர்ணயித்தேன். அன்று முழுவதும் எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் கணினியைத் திறந்தால் மூன்றும் பழைய நிலைக்கே போய்விட்டன. பத்து நாட்களாக இதே நிலை. கார்டில் குறையில்லை என்கிறார் விற்பனையாளர். மாற்றிக்கொள்வதற்கான கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். இந்த விஷயத்தில் விற்பனையாளர் சொல்வதே சரி. நீங்கள் மாற்றும் மதிப்புகளைக் கார்டும் டிரைவரும் அந்த அமர்வு (நீங்கள் உள்நுழைந்தது முதல் வெளியேறும் வரையிலான நேரம்) முடியும் வரைதான் வைத்திருக்கும். அமர்வு முடிந்ததும் அவை கலைந்துவிடும். அவற்றை ஒரு கோப்பில் எழுதி வைப்பது ஒரு வேலை, மறுநாள் அந்தக் கோப்பைப் படித்துத் திரும்பப் பொருத்துவது இன்னொரு வேலை. லினக்ஸில் இந்த இரண்டாவது வேலை பெரும்பாலும் பயனரிடமே விடப்பட்டிருக்கிறது என்பதை அட்டைப்பெட்டியிலும் யாரும் அச்சிடுவதில்லை, விற்கும்போதும் யாரும் சொல்வதில்லை. உங்கள் பத்து நாள் அவதிக்குக் காரணம் அதுதான். அதோடு, நீங்கள் மாற்றிய மூன்று அமைப்புகளும் சேமிப்பில் மூன்று வெவ்வேறு வழிகளில் போகின்றன. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் வண்ணச் செறிவு. செயலியை முறையாக மூடும்போது, அது உங்கள் ஹோம் கோப்புறையில் 'என்விடியா-செட்டிங்ஸ்-ஆர்சி' என்ற கோப்பில் இந்த மதிப்பை எழுதுகிறது. பெயர் புள்ளியில் தொடங்குவதால் அது மறைந்திருக்கும். ஆனால் மறுநாள் அந்தச் செயலியை யாராவது இயக்கினால் ஒழிய அந்தக் கோப்பை எவரும் படிப்பதில்லை. டிரைவர் தானாக அதைத் தேடிப் போகாது. எனவே உங்கள் டெஸ்க்டாப்பின் தொடக்கச் செயலிகள் பட்டியலில் 'என்விடியா-செட்டிங்ஸ்' கட்டளையைச் சேர்த்து, அதன் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளுடன் 'லோட்-கான்ஃபிக்-ஒன்லி' என்ற விருப்பத்தை எழுதுங்கள். சாளரம் எதையும் திறக்காமல், கோப்பில் உள்ளதைப் பொருத்திவிட்டு அது தானே வெளியேறிவிடும்.

இதைச் செய்தும் பலனில்லை என்றால் அந்தக் கோப்பின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். என் கணினியில் இரண்டு மாலைகளை இதற்காகவே இழந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மதிப்பை மாற்றினேன், செயலியை மூடினேன், பிழைச் செய்தி எதுவும் கண்ணில் படவில்லை, மறுநாள் பழைய நிறம்தான். கடைசியில் டெர்மினலில் அந்தக் கோப்பை விவரங்களுடன் பட்டியலிட்டேன். உரிமையாளர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'ரூட்', அதாவது நிர்வாகி, என்று இருந்தது. கடைசியாக எழுதப்பட்ட தேதியோ மூன்று வாரங்களுக்கு முந்தையது. எப்போதோ ஒரு நாள் அந்தச் செயலியை 'சூடோ'வுடன், அதாவது நிர்வாகி உரிமையுடன், திறந்திருக்கிறேன். அன்று கோப்பு நிர்வாகியின் பெயருக்குப் போய்விட்டது. அதன் பிறகு சாதாரணப் பயனராக நான் மாற்றிய எதையும் அதில் எழுத முடியவில்லை. உரிமையை 'சிஹெச்ஓன்' கட்டளையால் என் பெயருக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. உரிமையாளரையும் கடைசித் தேதியையும் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. வேறு எதைச் செய்வதற்கும் முன் இதைச் செய்யுங்கள்.

கோப்பு சரியாக இருந்து, தொடக்கத்தில் படிக்கப்பட்டும் நிறம் மாறவில்லையா? டெஸ்க்டாப்பின் வண்ண மேலாண்மையோ இரவு ஒளியோ உள்நுழைந்த சில விநாடிகளுக்குப் பிறகு தன் மதிப்புகளை மேலே போட்டுவிடலாம். தொடக்கக் கட்டளைக்கு முன்னால் ஐந்து விநாடித் தாமதம் கொடுத்துப் பாருங்கள். அப்போது நிலைத்தால் காரணம் இதுதான் என்று தெரிந்துவிடும். செயலியின் கட்டமைப்புப் பக்கத்தில் எக்ஸ் (எக்ஸ்ஆர்க் என்றும் சொல்வார்கள்; லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பு) திரையின் பெயரையும் கோப்பில் சேர்க்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அது இயங்கினால் கோப்பில் உள்ள மதிப்புகள் அந்தப் பெயருள்ள திரைக்கு மட்டுமே உரியவை ஆகிவிடும். உள்நுழைவுத் திரை ஓர் எண்ணையும் உங்கள் அமர்வு இன்னோர் எண்ணையும் பெறும் கணினிகளில் அதை நீக்கிவிடுவது நல்லது.

இரண்டாவது, படம் கிழிபடுவதைத் தடுக்கும் விருப்பம். அது திரை அமைப்பைச் சேர்ந்தது என்பதால் மேற்சொன்ன கோப்பில் இடம்பெறாது. அதை எக்ஸின் கட்டமைப்புக் கோப்பான 'எக்ஸ்ஆர்க் கான்ஃப்' கோப்பில் எழுத வேண்டும். அது கணினி முழுவதற்கும் பொதுவானது என்பதால் நிர்வாகி உரிமை தேவை. செயலியில் இதற்கென்றே ஒரு சேமிப்புப் பொத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காகச் செயலியையே 'சூடோ'வுடன் திறந்தால் நான் பட்ட பாட்டை நீங்களும் படுவீர்கள். முதலில் உங்கள் கோப்புறையில் சேமித்து, அந்த ஒரு கோப்பை மட்டும் நிர்வாகி உரிமையுடன் உரிய இடத்திற்கு நகலெடுங்கள். கேடிஇ, க்னோம் போன்ற டெஸ்க்டாப்கள் உள்நுழைவின்போது திரையைத் தங்கள் கணக்குப்படி மறுபடி அமைக்கையில் இந்த விருப்பம் உதிர்ந்துவிடுவதும் உண்டு. 'ஃபோர்ஸ் ஃபுல் காம்போசிஷன் பைப்லைன்' என்ற பெயருள்ள இதே விருப்பத்தை எல்லா மானிட்டர்களுக்கும் பொதுவான தனி வரியாகவே அந்தக் கோப்பில் எழுத இடமுண்டு. அத்தகைய கணினிகளுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

மூன்றாவது, விசிறி. இதைச் செயலி எந்தக் கோப்பிலும் சேமிப்பதில்லை. கடிகார வேக மாற்றங்களுக்கும் அப்படியே. நம்மால் கைமுறையாக இதை மாற்ற முடிவதற்கே பல டிரைவர் பதிப்புகளில் எக்ஸ் கட்டமைப்பில் 'கூல்பிட்ஸ்' என்ற விருப்பம் வேண்டும்: விசிறிக்கு 4, கடிகார வேகத்துக்கு 8, இரண்டும் வேண்டுமென்றால் 12. அதன் பிறகு விரும்பிய மதிப்பை நேரடியாகச் சொல்லும் கட்டளை ஒன்றைத் தொடக்கப் பட்டியலில் வைக்க வேண்டும். இங்கே மட்டும் ஒரு எச்சரிக்கை. அமைதிக்காகத் தாழ்ந்த ஒரே வேகத்தைத் தினமும் தானாகவே பொருத்தும்படி செய்துவிட்டால், வெப்பமான ஒரு நாளில் கனமான வேலை கொடுக்கும்போது அதை நீங்களே மறந்திருப்பீர்கள். விசிறியைக் கார்டின் தானியங்கிக் கட்டுப்பாட்டிலேயே விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

கேள்வி: விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். நான் 144 என்று வைத்தாலும், கணினி தூங்கி எழுந்ததும் சில நேரங்களில் 60 ஆகிவிடுகிறது. நண்பர் ஒருவர் எழுதித் தந்த எக்ஸ்ஆர்க் கோப்பும் எந்த வேலையும் செய்யவில்லை. மானிட்டரில் குறையா, கேபிளில் குறையா?

பதில்: கோப்பு வேலை செய்யாததற்குக் காரணம் எளியதாக இருக்கலாம். உங்கள் அமர்வு எக்ஸுக்குப் பதிலாக வந்த புதிய அமைப்பான வேலண்டில் ஓடுகிறது என்றால் அந்தக் கோப்பை அது படிப்பதே இல்லை. கேடிஇயின் பிளாஸ்மா 6, 2024 பிப்ரவரியில் வெளிவந்தபோது வேலண்டையே இயல்புநிலையாக்கியது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 பதிப்பில் க்னோமுக்கு எக்ஸ்ஆர்க் அமர்வே இல்லை. பழைய குறிப்புகள் பலவற்றை இன்று பின்பற்றுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். டெஸ்க்டாப்பின் கணினி விவரப் பக்கத்தில் சாளர அமைப்பு எது என்று போட்டிருக்கும். வேலண்ட் என்றால் அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, டெஸ்க்டாப்பின் திரைப் பக்கத்தில் மட்டுமே அமையுங்கள்.

க்னோம் அந்தத் தேர்வை 'மானிட்டர்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் சேமிக்கிறது. அதில் மானிட்டரின் தயாரிப்பாளர், மாதிரி, வரிசை எண் ஆகியவற்றோடு எந்த இணைப்புத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்பதும் பதிவாகும். ஆகவே கேபிளை வேறு துளைக்கு மாற்றினாலே அது புதிய மானிட்டராகக் கருதப்பட்டு இயல்புநிலைக்குப் போய்விடும். இந்த அடையாளங்களையும் எந்தெந்த வேகங்கள் முடியும் என்ற பட்டியலையும் மானிட்டரே 'இடிஐடி' என்ற சிறு தரவுத் தொகுப்பாகக் கணினிக்கு அனுப்புகிறது. தூங்கி எழும்போது அது தாமதமாகவோ குறையாகவோ வந்தால் கணினி பாதுகாப்பான வேகத்தைத் தேர்ந்துகொள்ளும். 'சில நேரங்களில்' என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு இந்தச் சந்தேகமே வலுவாக எழுகிறது. நடுவில் கேவிஎம் சுவிட்ச் (ஒரே மானிட்டரையும் விசைப்பலகையையும் பல கணினிகளுக்கு மாற்றித் தரும் கருவி), அடாப்டர், டாக் ஏதேனும் இருந்தால் அகற்றிவிட்டு, மானிட்டருடன் வந்த கேபிளால் நேராக இணைத்து ஒரு வாரம் பாருங்கள். அப்போது 144 நிலைத்தால் மாற்ற வேண்டியது இடையில் இருந்த பொருளைத்தான். நேராக இணைத்த பிறகும், வேறொரு கணினியிலும் அதே மானிட்டர் 60க்கு இறங்கினால் தயங்காமல் உத்தரவாதத்தைக் கோருங்கள்.

கேள்வி: ஏஎம்டி கார்டில் மின் வரம்பைக் குறைத்து வைக்கிறேன். கணினியை மறுபடி தொடங்கினால் போய்விடுகிறது.

பதில்: நீங்கள் எழுதும் 'சிஸ்எஃப்எஸ்' கோப்புகள் வட்டில் இருப்பவை அல்ல; அவை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் ஓடும்போது காட்டும் வாசல்கள் மட்டுமே. கணினி அணைந்தால் அவையும் இல்லை. தொடக்கத்தில் அதே மதிப்பை எழுதும் ஒரு சேவையை, லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி வழியாக அமைக்கலாம். ஆனால் இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் உள்ள கணினியில் கார்டின் எண் ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பி எழுதாதீர்கள். எளிய வழி வேண்டுமென்றால் 'லாக்ட்' என்ற திறமூலச் செயலியை நிறுவுங்கள். அது பின்னணிச் சேவையாக ஓடி, நீங்கள் சேமித்ததை ஒவ்வொரு தொடக்கத்திலும் பொருத்துகிறது. என்விடியாவின் 'எஸ்எம்ஐ' கட்டளையால் வைக்கும் மின் வரம்பும் மறுதொடக்கத்தைத் தாண்டாது என்பதை அந்தக் கார்டு வைத்திருப்பவர்களும் குறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: அப்படியானால் எந்தக் குறையைத்தான் கார்டின் குறை என்பது? அடுத்த கார்டு வாங்கும் முன் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: அமைப்பு மறுதொடக்கத்தில் மட்டும் மறைந்தால் அது மென்பொருளின் விஷயம். ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டு அமைப்புகள் கலைந்தால் கெர்னல் பதிவைப் பாருங்கள். என்விடியா கார்டுகளில் அங்கே 'எக்ஸ்ஐடி' என்ற சொல்லுடன் ஓர் எண் வரும். அந்த எண் 79 என்றால் கார்டு கணினியின் இணைப்பிலிருந்தே விழுந்துவிட்டது என்று பொருள். மின் வழங்கி, மின் கேபிள், செருகுதுளை ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகும், முடிந்தால் வேறொரு கணினியில் பொருத்திய பிறகும் அதே எண் வந்தால், அந்தப் பதிவை அச்சிட்டு எடுத்துக்கொண்டு விற்பனையாளரிடம் செல்லுங்கள். 'மறந்துவிடுகிறது' என்று வாயால் சொல்வதைவிடத் தேதியும் நேரமும் உள்ள ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். கெர்னல் புதுப்பித்த மறுநாள் எல்லா அமைப்புகளும் ஒரே நேரத்தில் போயிருந்தால், என்விடியாவின் சொந்த டிரைவர் ஏறாமல் அதற்கு மாற்றான திறமூல டிரைவர் 'நூவோ' ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் கார்டின் குறை அல்ல.

வாங்கும் முன், அட்டையில் லினக்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். தயாரிப்பாளரின் விசிறி, விளக்கு, கடிகாரக் கட்டுப்பாட்டுச் செயலி விண்டோஸுக்கு மட்டும்தானா என்று கேளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஏஎம்டி, இன்டெல் டிரைவர்கள் கெர்னலுடனே வருவதால் புதுப்பித்தலில் தொல்லை குறைவு. என்விடியா 2022 மே மாதத்தில் தன் கெர்னல் பகுதியைத் திறமூலமாக வெளியிட்டது; ஆனால் அது 2018இல் வந்த டியூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கும் மட்டுமே பொருந்தும் என்பதால், பயன்படுத்திய பழைய கார்டை மலிவாக வாங்குபவர்கள் தலைமுறையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 4கே திரையை 120 ஹெர்ட்ஸில் ஓட்ட நினைத்து ஏஎம்டி வாங்குவோர் டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டரையே தேர்ந்தெடுங்கள். திறமூல டிரைவரில் அந்த வேகத்துக்கு வேண்டிய ஹெச்டிஎம்ஐ 2.1 வசதிகளைச் சேர்க்க ஏஎம்டி முன்வைத்த திட்டத்தை, அந்தத் தரத்தை நிர்வகிக்கும் ஹெச்டிஎம்ஐ ஃபோரம் ஏற்க மறுத்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. பணம் கொடுத்த பிறகு இதை அறிந்தவர்கள், அமைப்பு நிலைக்கவில்லை என்று நினைத்துப் பல நாட்கள் திரைப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.