செடி செல்லுக்குள்ள லிப்பிட் ஒரு சவ்வுல இருந்து இன்னொரு சவ்வுக்கு எப்படி போகுது?

லிப்பிட்னா செல்லோட சவ்வுகள கட்டுற கொழுப்பு. இது தண்ணில கரையாது, செல்லுக்குள்ள பெரும்பாலும் தண்ணிதான், அதனால தானா மிதந்து போய் சேர்றதுலாம் நடக்காத கதை. செடில கொழுப்பு அமிலம் பசுங்கணிகத்துல (ஒளிச்சேர்க்கை நடக்கிற பச்சை உறுப்பு) தயாராகி, எண்டோபிளாச வலைக்கு (செல்லுக்குள்ள வலை மாதிரி பரவியிருக்கிற சவ்வு) போய் லிப்பிட்டா மாறி, அதுல ஒரு பங்கு திரும்ப பசுங்கணிகத்துக்கே வருது (செம ரூட்டு!). சில இடத்துல ரெண்டு சவ்வும் ஒட்டுறாப்ல நெருங்கி நிக்கும், அங்க சில புரதங்கள் லிப்பிட்ட தண்ணி படாம உள்ள மறைச்சு கைமாத்தி விடும். வேலூர் சைதாப்பேட்டை சந்துல தெருவுக்கு இறங்காம மாடிக்கு மாடி கொழம்பு கிண்ணம் நீட்டுவாங்களே, அந்த மாதிரி. மண்ணுல பாஸ்பேட் (பாஸ்பரஸ் உள்ள சத்து) கம்மியானா பசுங்கணிகத்துல செஞ்ச சர்க்கரை லிப்பிட் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு சக்தி தர்ற உறுப்பு) வரைக்கும் போய், பாஸ்பரஸ் உள்ள லிப்பிட்டோட இடத்த நிரப்பும். எல்லாமே குட்டி குட்டி பையில அடைச்சுதான் போகுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா மைட்டோகாண்ட்ரியாவுக்கு லிப்பிட் முக்கியமா இந்த நெருங்குற இடங்கள் வழியாதான் வருது.