எட்டு நாள் எங்கே பதினொன்றானது?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் சின்னக் கம்பெனியில் பிளானிங் பார்க்கிறேன். ஒரு ஆர்டருக்கு எட்டு நாள் என்று சாப்ட்வேரில் போட்டிருக்கிறோம். 2026 ஜனவரி 12-ல் தொடங்கிய ஆர்டர் 20-ல் முடியும் என்று காட்டியது. முடிந்தது 23 சாயங்காலம். கஸ்டமரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான். எட்டைப் பதினொன்றாக மாற்றிவிடு என்கிறார் முதலாளி. மாற்றலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். உங்கள் எட்டு நாள் சரியாகத்தான் இருக்கிறது, விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 12, 13, 14 மூன்று நாள் வேலை. 15 பொங்கல், 16 மாட்டுப் பொங்கல், 17 உழவர் திருநாள், 18 ஞாயிறு, நான்கு நாளும் கேட் பூட்டு. 19 முதல் 23 வரை ஐந்து நாள். மொத்தம் எட்டு! சாப்ட்வேருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள், அது 20 என்று காட்டியது, அவ்வளவுதான்.

பதினொன்று என்று மாற்றினால் ஜூன், ஜூலையிலும் மூன்று நாள் முன்னாடியே ஸ்டீல் கம்பியை அறுத்து ட்ரேயில் அடுக்கிவிடுவார்கள், அதில் முடங்குவது முதலாளியின் பணம்தான். அடுத்த பொங்கலுக்கு யாராவது பொறுப்பாக லீவையும் சாப்ட்வேர் காலண்டரில் ஏற்றினால், பதினொன்றோடு லீவு மூன்றும் சேர்ந்து அதே ஆர்டர் பதினான்கு நாள் கேட்கும். நானும் ஒரு காலத்தில் இந்தக் கூத்தைச் செய்தவன்தான்.

டைம் ஆபீஸ் வருஷா வருஷம் போர்டில் ஒட்டுகிற லீவு லிஸ்டை வாங்கி அப்படியே ஏற்றுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தமிழ்நாட்டுச் சட்டப்படி நிச்சயம். கூடவே ஐந்து பண்டிகை நாள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லீவுக்கு ஈடாக ஒரு ஞாயிறு வேலை வைத்தால் அதையும் வேலை நாள் என்று குறிக்க வேண்டும், பல பேர் இதை மறக்கிறார்கள்.

பிளேட்டிங்குக்கு, அதாவது உலோகப் பூச்சுக்கு, அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகாவில் பொம்மசந்திரா பக்கம் அனுப்புகிறீர்களா? நமக்கு மூன்று நாள் பொங்கல், அங்கே சங்கராந்தி ஒரு நாளோடு முடிந்துவிடும். நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்கு அவர்கள் லீவு, நமக்கு வேலை. அதனால் அவர்களுக்குத் தனிக் காலண்டர். இன்னொன்று, எஸ்ஏபி மாதிரி சாப்ட்வேர்களில் உள்ளே செய்கிற நாள் வேலை நாளாகவும், வெளியே வாங்குகிற நாள் ஞாயிறும் சேர்த்த நாளாகவும் கணக்காகும். வெண்டர் 'பத்து நாள்' என்றால் எந்தப் பத்து என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்த திங்கட்கிழமை ஊருக்குப் போனவர்கள் முழுசாக வந்து நிற்பார்களா என்ன? அது எந்த லீவு லிஸ்டிலும் இருக்காது, அன்றைக்கு ஒரு ஷிப்ட் மட்டும் வைத்துப் பிளான் போடுங்கள்.

காலண்டரைத் திருத்தியதும் ஏற்கெனவே போட்ட ஆர்டர்கள் தானாக நகர்ந்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பழைய தேதியிலேயே உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றையும் மறுபடி ஷெட்யூல் செய்ய வேண்டும்.