இத்தாலிய உச்சரிப்பு: கேள்வி பதில்

கேள்வி: உணவகத்தில் ‘புருஷெட்டா’ என்று கேட்டேன். உடன் வந்த நண்பர் ‘புருஸ்கெத்தா’ என்று திருத்தினார். எது சரி?

பதில்: நண்பர் சொன்னதே சரி. இத்தாலிய மொழியில் ‘சி’ எழுத்து எகர, இகர உயிர்களுக்கு முன் ‘ச்ச’ என்று வல்லினமாக ஒலிக்கும். அவ்விடத்தில் ககரம் வேண்டுமென்றால் நடுவில் ‘எச்’ எழுத்தை நுழைப்பார்கள். அதற்கெனத் தனி ஒலி கிடையாது. வீரமாமுனிவரின் குடும்பப் பெயரிலும் இதே எழுத்துக்கூட்டுதான் இருக்கிறது. 1680இல் இத்தாலியில் பிறந்த அவரைத் தமிழ் நூல்கள் ‘பெஸ்கி’ என்று சரியாகவே எழுதிவருகின்றன. ஆங்கில வழக்கப்படி படித்திருந்தால் அவர் ‘பெஷி’ ஆகியிருப்பார்.

கேள்வி: பாஸ்டாவா, பாஸ்தாவா?

பதில்: பாஸ்தா. இத்தாலியத் தகரம் நம் தகரத்தைப் போலவே பல்லைத் தொட்டுப் பிறப்பது. டகரம் ஆங்கிலத்தின் வழியாக வந்து ஒட்டிக்கொண்டது.

கேள்வி: இரட்டித்து எழுதும் மெய்களை அழுத்தித்தான் சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம். ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது, ‘நொன்னோ’ என்றால் தாத்தா. ‘பாலா’ மண்வாரி, ‘பல்லா’ பந்து. ‘பென்னே’ என்ற பாஸ்தா வகையைக் கேட்கும்போது னகரத்தை ஒற்றையாக்கிவிட்டால் பரிமாறுபவர் சிரிப்பை அடக்கச் சிரமப்படுவார். காரணத்தை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள். கனி, கன்னி என்று வேறுபடுத்திப் பழகிய நமக்கு இந்த இரட்டிப்பு எளிது. நமக்குச் சிக்கல் ஒற்றை வல்லினத்தில்தான். முடியைக் குறிக்கும் ‘கபெல்லோ’வில் உள்ள பகரத்தை நம் வாய் ‘கோபம்’ என்பதில் வருவதுபோல மெலித்துவிடும். திருத்த முயன்றால் ‘கப்பெல்லோ’ ஆகித் தொப்பி என்று பொருள் மாறிவிடும். தொண்டையில் விரலை வைத்து ‘உப்பு’, ‘கோபம்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள்: முன்னதில் பகரத்தின்போது அதிர்வு நின்றுவிடும், பின்னதில் தொடரும். அதிர்வு நிற்க வேண்டும், ஆனால் உப்பில் உள்ள நீளம் கூடாது என்பதே கணக்கு. எனக்கு இது கைவரப் பல மாதங்கள் பிடித்தன.

கேள்வி: எந்த அசையை அழுத்துவது?

பதில்: பெரும்பாலான சொற்களில் ஈற்றயல் அசையை, அதாவது கடைசிக்கு முந்தையதை. விலக்குகளும் உண்டு: நாபொலி நகரின் பெயரில் முதல் அசைக்கே அழுத்தம். மதுரையில் பணியாற்றிய இத்தாலியப் பாதிரியார் தெ நோபிலியின் பெயரிலும் ‘நோ’தான் ஓங்கி ஒலிக்கும். இறுதி அசையில் அழுத்தம் விழும் ‘சித்தா’ (நகரம்) போன்ற சொற்களில் மட்டும் எழுத்தின் மேல் கோடு கட்டாயம் இடப்படும். மற்றவற்றைக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

கேள்வி: லஸாஞ்ஞா, தாலியத்தெல்லே என்ற பாஸ்தா வகைகளின் பெயர்கள் எனக்குச் சரியாக வரவில்லை.

பதில்: முதலாவதில் ‘ஜி’, ‘என்’ ஆகிய இரண்டு எழுத்துகளும் சேர்ந்து நம் ஞகரமாகின்றன, ‘அஞ்ஞானம்’ சொல்ல வருபவருக்கு அதுவும் வரும். இரண்டாவதில் முதலில் வரும் லகரத்துக்குத் தமிழில் எழுத்து இல்லை. நுனிநாக்கைக் கீழ்ப்பற்களின் பின்னே நிறுத்தி, நடுநாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, அந்நிலையிலேயே லகரம் சொல்ல முயலுங்கள். நுனிநாக்கு மேலே எழுந்தால் அது வெறும் ‘ல்ய’ ஆகிவிடும்.