அம்மாவின் அறைக்கு ஒரு ஸ்மார்ட் விளக்கு

கேள்வி: முழங்கால் வலியுள்ள என் தாயார் இரவில் எழுந்து, சுவரைத் தடவித் தடவிச் சுவிட்சைத் தேடுகிறார். அவருக்காக ஒரு ஸ்மார்ட் பல்பு வாங்கினேன். செயலியில் பலமுறை முயன்றும் அது வைஃபையுடன் இணையவில்லை. பல்பு பழுதா? வீட்டை ஸ்மார்ட் வீடாக மாற்ற வேறு என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: பல்பு பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. வைஃபையில் இயங்கும் ஸ்மார்ட் பல்புகளிலும் பிளக்குகளிலும் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். உங்கள் ரவுட்டர் 2.4, 5 ஆகிய இரண்டையும் ஒரே பெயரில் ஒலிபரப்பி, கைபேசி 5-இல் இணைந்திருந்தால், சில செயலிகளால் பல்பைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. ரவுட்டர் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் நிறுத்திவைத்துவிட்டு, பல்பு (இணையத் தயார் என்பதற்கு அடையாளமாக) சிமிட்டத் தொடங்கியதும் இணைத்துப் பாருங்கள். இணைந்த பிறகு 5 கிகாஹெர்ட்ஸை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

ஆனால், பல்பு இணைந்துவிட்டாலும் தாயாரின் சிரமம் தீருமா என்பதே என் கவலை. பழக்க தோஷத்தில் யாரேனும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் பல்புக்கு மின்சாரம் போய்விடும். அதன்பின் செயலியோ குரல் கட்டளையோ அதை எட்டாது. நள்ளிரவில் கைபேசியைத் தேடி எடுப்பதும் முதியவர்களுக்கு எளிதன்று. எனவே அவருக்கு நான் சொல்வது, பேட்டரியில் இயங்கும் அசைவு உணரி விளக்கு ஒன்றே. கட்டிலின் அடியில், தரையைப் பார்த்தவாறு அதை ஒட்டிவையுங்கள். படுக்கையில் புரண்டு படுக்கும்போது எரியாமல், பாதம் தரையில் பட்டதும் மங்கலாக எரிந்து வழிகாட்டும். இதற்கு வைஃபையே தேவையில்லை.

அறையின் பெரிய விளக்கையும் இணைக்க விரும்பினால், பல்பை விட ஸ்மார்ட் சுவிட்சே மேல். இணையம் நின்றாலும் கையால் போட்டு அணைக்கலாம். பல ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர்) தேவைப்படும், பழைய சுவிட்சுப் பெட்டிகளில் அது இல்லாமலும் இருக்கலாம் என்பதால், வாங்கும் முன்பே மின்பணியாளரிடம் காட்டிவிடுங்கள். மற்றவற்றை இப்போது வாங்க வேண்டாம். இந்த அசைவு உணரி விளக்கோடு ஒரு மாதம் வாழ்ந்து பார்த்தால், அடுத்த தேவை எதுவென்று வீடே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: வெவ்வேறு நிறுவனப் பொருள்களைச் சேர்த்துப் பயன்படுத்தலாமா? கேமரா பொருத்த அச்சமாக இருக்கிறது.

பதில்: சேர்க்கலாம். அதற்கென்றே 2022 அக்டோபரில் ‘மேட்டர்’ என்ற பொதுத் தரநிலையின் முதல் பதிப்பு வெளியானது. பெட்டியில் அதன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபைக்குப் பதிலாக, குறைந்த மின்சக்தியில் இயங்கும் ‘த்ரெட்’ என்ற கம்பியில்லா இணைப்பு வகைப் பொருளானால், அதை வீட்டு வலையமைப்புடன் இணைக்கும் பார்டர் ரவுட்டர் ஒன்றும் வேண்டும். சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களிலேயே அது உள்ளடங்கியிருக்கிறது.

கேமரா குறித்த உங்கள் அச்சம் நியாயமானது. 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றி, இணையத் தாக்குதல்களுக்குப் பயன்படுத்தியது. பொருத்திய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையும் கேட்கும் வசதியை) இயக்குங்கள், கேமராவை ரவுட்டரின் விருந்தினர் வலையமைப்பில் (வீட்டின் மற்றக் கருவிகளிலிருந்து பிரித்துவைக்கும் தனி வைஃபையில்) வையுங்கள். வாசலுக்கு வெளியே வைப்பதில் தவறில்லை. படுக்கையறைக்குள் மட்டும் வேண்டவே வேண்டாம்.