கையில் வாங்கும் காசு: வாசகர் கேள்வி – பதில்

ஓடிஎஸ்பி எனப்படும், கனடாவின் ஒன்ராறியோ மாகாண மாற்றுத்திறனாளிகள் ஆதரவுத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விண்ணப்பத்தைப் பற்றியவை அல்ல. உதவித்தொகை பெறுகிறவர் அதைச் சொல்லாமல் காசுக்கு வேலை செய்வது சரியா என்பதைப் பற்றியவை. அவற்றில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெயரும் முகவரியும் வேண்டாம் என்று நால்வருமே கேட்டிருந்தார்கள்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 47. ஸ்காபரோவில் ஓர் அடித்தள அறையில் தனியாக இருக்கிறேன். 2009இல் வன்னியில் ஷெல் துண்டு பட்டு இடுப்பும் இடது காலும் பழுதடைந்தன. ஒரு நாள் நின்று வேலை செய்தால் இரண்டு நாள் படுக்க வேண்டும். ஓடிஎஸ்பி பெறுகிறேன். 2021 ஆகஸ்ட் முதல் ஒரு டேக்-அவுட் கடையில் சனி, ஞாயிறுகளில் ஏழேழு மணி நேரம் இருந்தபடியே ரோல்ஸ் சுற்றிக் கொடுக்கிறேன். மணிக்கு 12 டொலர். மாதம் ஏறத்தாழ 700 டொலர் கையில் கிடைக்கும். இதை நான் யாருக்கும் அறிவிக்கவில்லை. சொன்னால், "வேலை செய்யத்தான் முடிகிறதே" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள் என்கிறார் முதலாளி. நான் செய்வது களவா?

பதில்: அந்தச் சொல்லை நீங்களே எழுதிவிட்டதால் நானும் அதைச் சுற்றி நடக்காமல் பதில் சொல்கிறேன். 2023 பெப்ரவரிக்கு முன் நீங்கள் பெற்றதில் ஒரு சிறு பகுதி உங்களுக்கு உரியதல்ல. அதற்குப் பின், வேலையை மறைத்ததால் நீங்கள் அரசிடமிருந்து ஒரு சதமும் கூடுதலாகப் பெறவில்லை. ஆனாலும், வருமானத்தை அறிவிப்பேன் என்று ஒப்பமிட்டுக் கொடுத்த வாக்கை இன்றுவரை ஒவ்வொரு மாதமும் மீறி வருகிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். முன்பிருந்த விதிப்படி, உழைப்பில் முதல் 200 டொலரைத் தொடமாட்டார்கள். அதற்கு மேற்பட்டதில் பாதியை உதவித்தொகையிலிருந்து கழிப்பார்கள். 700 டொலருக்கு அது மாதம் 250 டொலர். ஆனால், உழைப்பை அறிவித்தவருக்கு மாதம் 100 டொலர் வேலைசார் கொடுப்பனவு என்று ஒன்றும் உண்டு. அதை நீங்கள் கேட்கவேயில்லை. ஆகவே 2021 ஆகஸ்ட் முதல் 2023 ஜனவரி வரையான 18 மாதங்களில் உங்கள் பக்கம் மிகையாக வந்தது, என் மனச்சாட்சியின் கணக்கில், மாதம் 150 வீதம் 2,700 டொலர். அலுவலகத்தின் கணக்கு இதிலிருந்து வேறுபடலாம். 2023 பெப்ரவரியில் விதி மாறியது. இப்போது மாற்றுத்திறனாளியான பயனாளி மாதம் 1,000 டொலர் வரை, வரியும் பிடித்தங்களும் போக, உழைத்தால் உதவித்தொகையில் எதுவும் குறையாது. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு டொலருக்கும் 75 சதம் குறையும். உங்கள் 700 டொலர் முழுவதும் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. உங்களுக்கு முழுமையாக அனுமதிக்கப்பட்ட ஒன்றை நீங்கள் மூன்று ஆண்டுகளாக ஒளித்துச் செய்துகொண்டிருக்கிறீர்கள்; அந்த 100 டொலர் கொடுப்பனவையும் மாதந்தோறும் இழந்துகொண்டிருக்கிறீர்கள்.

அப்படியானால் இந்த இரகசியத்தால் யாருக்கு இலாபம்? ஒன்ராறியோவின் குறைந்தபட்சக் கூலி 2025 ஒக்டோபர் முதல் மணிக்கு 17.60 டொலர். வாரம் 14 மணி நேரத்துக்கு மாதக் கணக்கில் அது ஏறத்தாழ 1,067 டொலர் வரும். ஓய்வூதியப் பங்களிப்பும் வேலைக்காப்புறுதியும் கழிந்தால் கையில் நிற்பது 1,000 டொலருக்கு மிக அருகில், அதாவது சட்டம் உங்களுக்கு விட்டுவைத்திருக்கும் எல்லையில். நீங்கள் இப்போது வாங்குவது 700. இடையிலுள்ள 300 டொலரும், முதலாளி உங்களுக்காகக் கட்டியிருக்க வேண்டிய பங்களிப்பும், விடுமுறைக் கூலியும் அவருடைய கல்லாப்பெட்டியில் இருக்கின்றன. உதவித்தொகை போய்விடும் என்று உங்களை எச்சரிக்கிறவரும் அவர்தான். அவர் அறியாமையால் சொல்கிறாரா, அறிந்து சொல்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. இரண்டிலும் கூலி ஒன்றுதான்.

"வேலை செய்தால் ஊனம் இல்லையென்று ஆகிவிடும்" என்ற பயம் நம்மவரிடையே வேரூன்றிப் போன ஒன்று. ஓராண்டோ அதற்கு மேலோ நீடிக்கக்கூடிய கடுமையான உடல் அல்லது மனக் குறைபாடு இருக்க வேண்டும், அது உங்களை நீங்களே பராமரிப்பதையோ, சமூகத்தில் நடமாடுவதையோ, வேலை செய்வதையோ பெரிதும் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே இத்திட்டத்தின் வரைவிலக்கணம். கிழமையில் இரண்டு நாள் கதிரையில் இருந்து ரோல்ஸ் சுற்றியதால் உங்கள் இடுப்பு குணமாகிவிடவில்லை. வேலை செய்ததற்காக மட்டும் இந்தத் தகுதி பறிபோவதில்லை. வருமானம் கூடி ஒருவர் திட்டத்தை விட்டு வெளியேறினாலும், பின்னர் வேலை இல்லாமல் போனால், ஊனத்தை மீண்டும் நிரூபிக்காமலே திரும்பிவர வழி இருக்கிறது. ஆனால் மத்திய அரசின் சிபிபி (கனடா ஓய்வூதியத் திட்டம்) ஊனமுற்றோர் ஓய்வூதியம் பெறுகிறவர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்கும் உரியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு விதி வேறு. அங்கே தொடர்ந்து உழைக்க முடிவது ஓய்வூதியத்தையே நிறுத்திவிடக்கூடும்.

தேவைதானே, அதில் என்ன பாவம் என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தனி ஒருவருக்கு 2025 ஜூலை முதல் கிடைக்கும் உச்சத் தொகை 1,408 டொலர். இந்த நகரத்தில் ஒற்றைப் படுக்கையறை வீட்டின் வாடகைக்கே அது போதாது. அந்தத் தொகையில் ஒருவர் மானத்தோடு வாழலாம் என்று சொல்கிறவரோடு நான் வாதிட ஆயத்தமாக இருக்கிறேன். உங்கள் தேவையை நான் குறைத்து மதிக்கவில்லை. அந்தத் தேவைக்கு ஒளிவு இப்போது எந்த உதவியும் செய்யவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

உங்கள் உதவித்தொகையைக் கவனிக்கும் அலுவலரான கேஸ்வேர்க்கரிடம் நேரே போய் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். முதலில் ஒரு சமூகச் சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கள். தமிழர்களும் நாடக்கூடிய தெற்காசியச் சட்ட உதவி நிலையம் ரொறன்ரோவில் இருக்கிறது. அங்கே கட்டணமில்லை, நீங்கள் சொல்வது வெளியே போகாது. எந்தெந்த நாள் எவ்வளவு வாங்கினீர்கள் என்பதை ஒரு கொப்பியில் நினைவிருக்கும்வரை எழுதிக்கொண்டு போங்கள். திருப்பிக் கட்ட வேண்டிய தொகை ஏதும் இருந்தால், அதை மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ளச் செய்வது வழக்கம். தானாக முன்வந்து சொன்னவரையும் பிடிபட்டவரையும் எந்த அலுவலகமும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளின் குறைகூலியைத் தொழில் அமைச்சில் கோருவது பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

கேள்வி: நான் ஒரு சிறிய உணவகம் நடத்துகிறேன். என்னிடம் வேலை செய்யும் ஊர்க்காரர் ஒருவர் ஓடிஎஸ்பியில் இருக்கிறார். காசாகத் தரும்படி அவர்தான் கேட்டார். அவருடைய கஷ்டத்துக்கு உதவுவதாகவே நினைத்தேன். இதில் என் பிழை என்ன?

பதில்: அவருக்குக் குறைந்தபட்சக் கூலியைக் கொடுக்கிறீர்களா? உங்கள் கடிதம் நீளமானது. ஆனால் அந்த ஒரு எண் மட்டும் அதில் இல்லை.

சம்பளப் பட்டியலில் சேர்த்தால் அவருக்கு நட்டம் என்று நீங்கள் இருவரும் நம்பியிருக்கலாம். மேலே உள்ள கணக்கை அவரோடு சேர்ந்திருந்து வாசியுங்கள். மாதம் 1,000 டொலருக்குள் உழைக்கிற ஒருவர் வருமான வரி கட்டும் நிலையிலும் பெரும்பாலும் இல்லை. மாறாக, அறிவித்த உழைப்பு இருந்தால்தான் குறைந்த வருமானத் தொழிலாளருக்கான மத்திய அரசின் கொடுப்பனவை வரிப் பத்திரத்தின் மூலம் அவர் கேட்கலாம். நாளைக்குக் கொதி எண்ணெய் அவர் கையில் ஊற்றுப்பட்டால், காசு வாங்குகிறவர் என்பதற்காக வேலையிடக் காப்புறுதிக்கு அவர் தகுதி இழப்பதில்லை. அந்தக் கோரிக்கையைப் போட்டால் எல்லாம் வெளியே வந்துவிடுமே என்று அஞ்சிச் சுட்ட கையோடு அவர் வீட்டில் இருந்துவிடுவார். அந்த நிலைமையைத்தான் நீங்கள் உருவாக்கியிருக்கிறீர்கள். உதவி செய்யும் எண்ணம் உண்மையானால், அவருக்கு ஏற்ற கதிரை, குறுகிய நேரம், வலி கூடிய நாளில் கேள்வியில்லாத விடுப்பு, மாத முடிவில் ஒரு சம்பளச் சிட்டை ஆகியவற்றைக் கொடுங்கள்.

கேள்வி: என் கணவர் சிறுநீரக நோயாளி; கிழமைக்கு மூன்று முறை டயாலிசிஸ். எங்கள் குடும்பத்துக்கு ஓடிஎஸ்பி வருகிறது. நான் வீடுகளைச் சுத்தம் செய்து மாதம் 1,200 டொலர் அளவில் காசாகப் பெறுகிறேன். அறிவித்தால் பாதி போய்விடும் என்கிறார்கள். மகனும் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே பிட்ஸாக் கடையில் வேலை செய்கிறான். ஒவ்வொரு முறை படிவத்தில் ஒப்பமிடும்போதும் கணவருக்குக் கை நடுங்குகிறது. நான் என்ன செய்வது, ஐயா?

பதில்: அம்மா, உங்களுக்கு என்னால் முதல் வாசகருக்குச் சொன்னதைச் சொல்ல முடியவில்லை. 1,000 டொலர் விதி மாற்றுத்திறனாளியான உங்கள் கணவருக்கு உரியது. ஊனமில்லாத துணைக்குப் பழைய விதிதான்: முதல் 200 டொலர் போக, மிகுதியில் பாதி. உங்கள் 1,200 டொலரில் 500 டொலர் உதவித்தொகையிலிருந்து குறையும். உழைக்க இயலாத ஒருவருக்கு 1,000 டொலர் சலுகையும், அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு மற்றவர் வீட்டுக் குளியலறையைத் தேய்க்கப் போகிறவருக்கு 200 டொலர் சலுகையும் தருகிற விதியை நியாயமானதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை உங்கள் தொகுதி மாகாணசபை உறுப்பினரின் அலுவலகத்தில் இதே சொற்களில் போய்ச் சொல்லுங்கள். கடிதம் எழுத வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன்.

ஆனால் அநியாயமான விதி என்பதற்காக மறைக்கலாமா என்று கேட்டால், உங்கள் கணவரின் நடுங்கும் கையைத்தான் நான் பார்க்கிறேன். வேலை உங்களுடையது, பொய்யில் ஒப்பமிடுகிறவர் அவர். கண்டுபிடிக்கப்பட்டால் மிகைக் கொடுப்பனவு என்ற கடன் முழுக் குடும்பத்தின் மீதும் வரும், அதுவும் ஆண்டுக் கணக்கில் சேர்ந்த தொகையாக. மருந்துச் செலவுக்கும் இதே திட்டத்தை நம்பியிருக்கும் ஒரு நோயாளி, ஒவ்வொரு மாதமும் அந்தப் பயத்தோடு இயந்திரத்தில் படுத்திருப்பது 500 டொலருக்கு ஈடாகுமா என்பதை நீங்கள்தான் நிறுக்க வேண்டும். நானாக இருந்தால், சட்ட உதவி நிலையத்தின் ஆலோசனையோடு அறிவித்துவிடுவேன். அப்படி முடிவெடுக்க முடியாமல் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடுகிறவரை நான் இகழவும் மாட்டேன்.

அறிவிக்கும்போது உங்கள் செலவுகளை விட்டுவிடாதீர்கள். தனியாகச் சுத்திகரிப்பு வேலை எடுப்பவர் என்றால், சுத்திகரிப்புப் பொருள்கள் போன்ற தொழிற்செலவுகளைக் கழித்த பின் நிற்பதே வருமானம். உங்களுக்குச் சிறு பிள்ளைகளும் இருந்தால் அவர்களின் பராமரிப்புச் செலவுக்கும் கழிவு உண்டு. மகனைப் பற்றிக் கவலை வேண்டாம். முழுநேரமாகப் படிக்கும் பிள்ளையின் உழைப்பு உதவித்தொகையைக் குறைப்பதில்லை. அவனுடைய பிட்ஸாக் கடைச் சம்பளத்தையும் சேர்த்து ஒளித்து வைத்திருந்தால், அது வீண் பயம்.

கேள்வி: எங்கள் கட்டடத்தில் ஒருவர் ஊனமுற்றோர் வாகனத் தரிப்பு அட்டை வைத்திருக்கிறார்; காலையில் பலசரக்குக் கடைக்கு வேலைக்கும் போகிறார். நான் 22 வருடமாக வரி கட்டுகிறேன். மோசடி முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாமா?

பதில்: அவர் வேலைக்குப் போவதை நீங்கள் கண்டீர்கள். அறிவிக்காமல் போகிறார் என்பதை எங்கே கண்டீர்கள்? வாகனத் தரிப்பு அட்டை வைத்திருப்பவர்கள் எல்லோரும் உதவித்தொகை பெறுகிறவர்களும் அல்லர். உதவித்தொகை பெறுகிறவர் வேலைக்குப் போவது குற்றமும் அல்ல; சட்டமே அதை ஊக்குவிக்கிறது.

தொலைபேசியை எடுக்குமுன் ஒரு பழைய செய்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவின் சட்பரி நகரில் கிம்பர்லி ரொஜர்ஸ் என்ற பெண் சமூக உதவித்தொகையையும் மாணவர் கடனையும் ஒருசேரப் பெற்றதற்காக 2001இல் தண்டிக்கப்பட்டார். ஆறு மாத வீட்டுச் சிறை. அவ்வாண்டு ஓகஸ்டின் கடும் வெப்பத்தில், எட்டு மாதக் கர்ப்பிணியாக, தன் குடியிருப்பிலேயே இறந்து கிடந்தார். அவருடைய பிழை பிழைதான்; அதற்கு அந்த விலை இருந்திருக்க வேண்டியதில்லை என்பதை அடுத்த ஆண்டு நடந்த மரண விசாரணையும் உணர்த்தியது. வேலையாள்களின் கூலியை ஆண்டுக்கணக்கில் விழுங்கும் முதலாளியைப் பற்றி நீங்கள் முறையிட விரும்பினால், அழைக்க வேண்டிய இலக்கத்தை நானே தருவேன். இந்த அயலவர் விடயத்தில், அடுத்த முறை மின்தூக்கியில் சந்திக்கும்போது 1,000 டொலர் விதி அவருக்குத் தெரியுமா என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள்.